அம்புக்குறி போட்ட கல்யாணம்

ஓமானில் பெரிய புயல் அடித்தபோது மஸ்கட்டில் இருந்த என் மச்சான் இரண்டு நாள் போனை எடுக்காமல் எங்களைப் பதறவைத்தானே, அதற்கு மறுமாதம் நடந்தது இது. மூன்றாம் நாள் எடுத்து, "சார்ஜர் கெடைக்கல அத்தான்" என்றான். ஊரே வெள்ளத்தில் மிதக்கிறது, அவனுக்குச் சார்ஜர்.

அப்போது எனக்குத் துபாயில், ஜெபல் அலித் துறைமுகம் பக்கம் ஒரு கிடங்கில் வேலை. கண்டெய்னர் வந்தால் அட்டைப்பெட்டிகளை எண்ணி இறக்கவேண்டும். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு என்னை விட்டுவிட்டது. எண்ணிக்கை மட்டும் விடவில்லை.

மகள் கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. "அடுத்த மாதம் போ" என்றார் மேனேஜர், முகூர்த்தம் குறித்தவரே அவர்தான் என்பதுபோல. தாலி கட்டியதை நான் பார்த்தது சிடியில்தான். அந்த இரண்டு சிடிகளின் மேலும் ரூமில் இருந்த ஆறு பேரும் டீ கிளாஸ் வைத்துக் கீறல் விழச் செய்தார்கள். ஊரில் இருந்த பிரதியைச் சொந்தக்காரர்கள் பார்த்துவிட்டுத் தருவதாக வாங்கிப்போனார்கள். இப்போது எந்தத் தெருவில் இருக்கிறதோ. ஸ்டுடியோக்காரர் அதே டேப்பில் அடுத்த கல்யாணத்தைப் பிடித்துவிட்டார், சிக்கனமான மனுஷன். கடைசியில் மிஞ்சியது, நான் லேப்டாப்பில் ஏற்றிவைத்திருந்தது மட்டும்.

எங்கள் ரூமில் ஒரு ஸ்டோர்கீப்பர் இருந்தார். எங்கள் ஊர்க்காரர், டிப்ளமா படித்தவர். பல்பு மாட்டினாலும் படிப்பைச் சொல்லிவிட்டுத்தான் மாட்டுவார். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் புது விண்டோஸ் சிடியோடு என் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார்.

"பழசு வேண்டாம் அண்ணாச்சி. இதுல ஜன்னலெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கும்."

"கண்ணாடி ஜன்னல் எதுக்குவே? அந்தப் பக்கம் என்ன கடலா தெரியப்போவுது?"

கேட்டால்தானே. "மொத்தத்தையும் அழிச்சிட்டுத்தான் ஏத்தணும். முதல்ல உங்க கல்யாணத்தைப் பென் டிரைவுல போட்டுருதேன்" என்று, திரையில் 'கல்யாணம்' என்று எழுதியிருந்த சின்னப் படத்தைப் பிடித்து இழுத்துப் போட்டார். நான் கண் இமைப்பதற்குள், "கலாஸ்" என்றார். அரபியில் முடிந்தது என்று அர்த்தம். வேலை முடியாதபோதுதான் அந்தச் சொல் அங்கே அதிகம் காதில் விழும்.

"ரெண்டு சிடி நெறைய ஆளு, மேளம், பந்தி. அதுக்குள்ள ஏறிட்டா?"

"பென் டிரைவ் அவ்வளவு ஸ்பீடு அண்ணாச்சி." அங்கேயே அழுத்திக் காட்டினார். மகள் வந்தாள், மேளம் கேட்டது. "போதுமா?"

எனக்குப் போதவில்லை. நாற்பதடி கண்டெய்னரை ஒரு நிமிடத்தில் இறக்கிவிட்டேன் என்று எவனாவது சொன்னால், அவன் இறக்கியது டெலிவரி காகிதத்தைத்தான். 'கல்யாணம்' என்று எழுதியிருந்த அந்தச் சின்னப் படத்தின் ஓரத்தில் ஓர் அம்புக்குறி வேறு இருந்தது.

"இந்த அம்பு என்னதுவே?"

"அது டிசைன்."

பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்து ரூமுக்குப் போனேன். டிப்ளமாவும் பின்னாலேயே வந்தது. அந்த ரூம்காரர் தன் லேப்டாப்பில் செருகி அழுத்தினார். மாப்பிள்ளையைக் காணோம், மேளத்தைக் காணோம், பந்தியையும் காணோம்.

"யோவ், இது ஷார்ட்கட்டு" என்று சிரித்தார் அவர். "இதுல விலாசம் மட்டும்தான் இருக்கு. வீடு உங்க லேப்டாப்புல இருக்கு, அதான் அங்க ஓடிருக்கு. அழிச்சிருந்தீங்கன்னா கல்யாணம் மாஃபி." அதுவும் அரபிதான், இல்லை என்று அர்த்தம்.

"இவரு லேப்டாப்புல ஏதோ கோளாறு" என்றார் ஸ்டோர்கீப்பர். படிப்பு அவ்வளவு லேசில் தோற்குமா?

திரும்பிவந்து, உள்ளே இருந்த அசலைத் தேடிப்பிடித்து இழுத்தார். இந்தத் தடவை பச்சைக் கோடு கால் மணி நேரம் ஊர்ந்தது. அவர் நெளிந்தார், எனக்கு அது ஊர ஊர நிம்மதி. மறுபடியும் பக்கத்து ரூம். அங்கே என் மகள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று முடிச்சும் விழுகிறவரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை.

"இப்ப அழிச்சிக்கிடும்வே" என்றேன்.

புது விண்டோஸ் வந்தது, கண்ணாடி ஜன்னல் வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. அதைச் சரிசெய்ய அவருக்கு நாலு நாள் ஆனது. அதுவரை என் மகளுக்கு ஊமைக் கல்யாணம்.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது லேப்டாப்பில் விண்டோஸ் மாற்றப்போகிறார் என்றால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: எடுத்துவைத்ததை வேறொரு மெஷினில் திறந்து பார்க்காமல் எதையும் அழிக்க வேண்டாம். நான் சொன்னதாகவே சொல்லலாம். டிப்ளமா படித்தவராக இருந்தால் மட்டும், வேறு யாரோ சொன்னதாகச் சொல்லுங்கள்.