முகம் தெரியாமல் எடுத்த படம்

கேமரா ஸ்டாண்டின் மூன்று கால்களுக்கும் அடியில் மூன்று பானை ஓடுகளை அவர் செருகினார். பிணத்தைச் சுற்றி வந்து உடைக்கிற கொள்ளிக்குடத்தின் ஓடுகள். மழை விட்டு நாலு நாளாகியும் கரிசல் இறுகவில்லை. ஸ்டாண்டை ஊன்றினால் ஒரு கால் மட்டும் மெல்ல உள்ளே இறங்கும், படம் கலங்கிவிடும். வெகுநேரமாக நான் அதோடு மல்லுக்கட்டுவதைத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், குனிந்து ஓடுகளைப் பொறுக்கி வந்தார். "இந்த மண்ணு ஆளையே உள்ள இழுக்கும். ஒங்க கம்பி எம்மாத்திரம் தம்பி?" என்றார்.

எங்கள் ஊர் மயானத்தின் காவல்காரர் அவர். குழி வெட்டுவதும் அவர்தான். நான் பகலில் கோவில்பட்டியில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் செய்துகொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதற்கு அடையாளமாக எதையாவது செய்துகாட்ட வேண்டுமே என்ற அவஸ்தை எப்போதும் உண்டு. மணப்பெண்களின் கன்னத்தை வெளுப்பாக்கி வெளுப்பாக்கிக் கண் எரிந்த நாட்களில், யாரும் எடுக்காத ஒரு படத்தை எடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. நிலா வெளிச்சத்தில் மயானம், முள் விரித்த உடைமரம், சரிந்த மண்மேடுகள். அதற்குத்தான் போனேன். அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டபோது சிரித்துவிட்டார். "அண்ணாச்சியா? பலசரக்குக் கடை வச்சிருக்கவியளல்லா அப்படிக் கூப்பிடுவாவ! சரி, கூப்பிடுங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு."

வெறும் மேடுகளை எடுத்துப் பார்த்ததில் படத்தில் உயிரே இல்லை. ஒரு ஆள் நின்றால் நன்றாயிருக்கும் என்று கேட்டேன். அவர் சற்று நேரம் துண்டை உதறிக்கொண்டிருந்தார்.

"நிக்குதேன். முகம் மட்டும் தெரியப்படாது. மகளுக்கு நாகலாபுரத்துல பேசி முடிச்சிருக்கு. என்ன சோலின்னு கேட்டாவ, காவல்னு சொன்னேன். எங்கன காவல்னு அவியளும் கேக்கல, நானும் சொல்லல."

முகம் சத்தியமாகத் தெரியாது என்று வாக்குக் கொடுத்தேன். அந்த இருட்டில் ஒரு படம் பதிய முப்பது விநாடி வேண்டும். அசையாமல் நின்றால் முகம் விழுந்துவிடும். அதனால் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டே நிற்கவும், பாதி நேரத்தில் விலகி நடந்துவிடவும் சொன்னேன். சொன்னபடியே செய்தார். படத்தில் முகம் இல்லை. வெள்ளை வேட்டி புகைபோல நின்றது. அதன் வழியாகப் பின்னாலிருந்த உடைமரமும் ஒரு சமாதிக் கல்லும் தெரிந்தன. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு அன்றைக்கு எவ்வளவு நிம்மதி! ஊர்ப் பெயரையும் 'முப்பது விநாடி' என்பதையும் மட்டும் எழுதி வலைத்தளத்தில் போட்டேன்.

ஒரு வாரத்துக்குள் அது பேயாகிவிட்டது. யாரோ ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை வெட்டி எடுத்துவிட்டு, பேய் நடமாட்டம் என்று எழுதிப் பரப்பினார்கள். ராத்திரியானால் எங்கெங்கிருந்தோ பையன்கள் பைக்கில் வந்து இறங்கினார்கள். ஈரம் காயாத மண்ணில், பதினாறு கழியாத ஒரு மேட்டின்மேல் டயர் ஏறிவிட்டது. அந்த வீட்டார் மயானக் கமிட்டியில் போய் அழுதார்கள். காவல்காரன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று கமிட்டி கேட்டது. ஒற்றை ஆளாகக் கம்பை வைத்துக்கொண்டு விரட்டினேன் என்றார் அவர். அது எடுபடவில்லை.

அது பேயில்லை, காவல்காரர்தான் என்று ஒரு வரி எழுதினால் போதும், கூட்டம் கலைந்துவிடும். யாரோ ஒரு ஆள் என்று மட்டும் எழுதினால் எவரும் நம்பமாட்டார்கள். அந்த ஒரு வரியைத்தான் என்னால் எழுத முடியவில்லை. அனுமதி கேட்டு ஓடினேன். "வாயத் தொறந்துராதீங்க தம்பி. தையில கல்யாணம். அதுவரைக்கும் நான் பேயாவே இருந்துட்டுப் போறேன்" என்றார். கண்ணெல்லாம் சிவந்து, உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்துகொண்டிருந்தார். மார்கழியில் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாராம்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மாசி பிறந்ததும் ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றார். "மகளே மாப்பிள்ளைகிட்டச் சொல்லிட்டா. அவரு ஒண்ணும் சொல்லல, நல்ல மனுசன். இனிமே எழுதுங்க. எம்மேல தப்பில்லன்னு தெரிஞ்சா கமிட்டிக்காரவிய திரும்பக் கூப்பிடுவாவல்லா?"

அன்றே எழுதினேன். எப்படி எடுத்தேன், ஏன் முகம் இல்லை, அவர் யார் என்று எல்லாவற்றையும் எழுதினேன். பேயைப் பார்க்க வந்த கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதைப் படிக்க வரவில்லை. வந்தவர்களிலும் பலர் நான் புளுகுவதாகச் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து டீக்கடையில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன எழுதியிருக்காவ, வாசிங்க" என்றார். எதை மறைக்க? வாசித்தேன். 'அந்தக் காவல்காரர் இறந்து ரெண்டு மாசம் ஆச்சு. இப்ப வேற ஆள் இருக்கார். படத்துல இருக்கது அவரோட ஆவிதான்' என்று ஒருவர் எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

முதலில் அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. பக்கத்து பெஞ்சுக்காரரிடம், "ஏலே, நான் செத்துட்டேனாம்ல" என்றார். பிறகு டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அப்போ கூப்பிட மாட்டாவ தம்பி. செத்தவனை எவன் வேலைக்குக் கூப்பிடுவான்?"

படத்தை அன்றைக்கே அழித்தேன். என்னிடமிருந்து மட்டும்தான் அது அழிந்தது. போன வாரம்கூட என்னோடு கல்லூரியில் படித்த நண்பன் ஒருவன் அதை எனக்கே அனுப்பி, 'உங்க ஊருப் பக்கம்தானே, நீ பாத்திருக்கியா?' என்று கேட்டிருந்தான். பார்த்திருக்கிறேன், இப்போது அவர் மக்காச்சோளக் காட்டில் கூலிக்குக் களை எடுக்கிறார் என்று பதில் எழுதினேன்.

விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மை முகங்கள் மூன்றை அனுப்பியிருந்தான்.