வெட்டிய முகம் அழியவில்லை

கல்முனையில் மணப்பெண்களுக்கு மருதோன்றி போடுவது என் தொழில். புதிதாகக் கேட்பவர்களுக்குக் காட்டவென்று, ஒன்லைனில் ஸ்லைட் செய்யும் மென்பொருளில் என் வேலைகளைத் தொகுத்து, லிங்கை வட்ஸ்அப்பில் அனுப்புவேன். எந்தப் படத்திலும் கை மட்டும்தான் தெரியும். முகத்தை ஸ்லைட்டிலேயே வெட்டிவிடுவேன்.

சென்ற மாதம் பாலமுனை மணப்பெண் ஒருத்தி போனில் அழைத்தாள். தன் கைப் படத்தைச் சேமித்து வைக்க அந்த ஸ்லைட்டுகளைத் தரவிறக்கியிருக்கிறாள்.

"ராத்தா, படத்தத் தொட்டா என்ட முகமும் வருது. தலையில முக்காடும் இல்ல," என்று அழுதாள். பெண்கள் மட்டும் இருந்த அறையில் எடுத்த படம் அது.

நானும் செய்து பார்த்தேன். முழுப் படமும் விரிந்தது. வெட்டிய பகுதி அழியவில்லை, மறைந்துதான் இருந்திருக்கிறது. உடனே லிங்கை மூடினேன். அது போயிருந்தது ஐந்து பெண்களுக்கு மட்டும், அல்ஹம்துலில்லாஹ். ஐவரிடமும் உண்மையைச் சொல்லி, தரவிறக்கியிருந்தால் அழித்துவிடக் கேட்டுக்கொண்டேன்.

விஷயம் என் மூத்த சகோதரர், காக்காவின் காதுக்கும் போனது.

"இதுக்குத்தான் சொன்னன், இந்தத் தொழில் உனக்கு வேணாமெண்டு. விட்டுடு," என்றார்.

"பிழை விட்டன் காக்கா, ஓம். பிழையத் திருத்துவன். தொழில விடமாட்டன்," என்றேன்.

இப்போது முகத்தைப் போனிலேயே வெட்டி, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் படத்தை மட்டுமே ஏற்றுகிறேன். பிறகு நானே ஸ்லைட்டுகளைத் தரவிறக்கி, ஒவ்வொரு படத்தையும் தொட்டுப் பார்க்கிறேன்.

காக்கா அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை. அடுத்த மாதம் அவருடைய மகளுக்குக் கல்யாணம். மருதோன்றி போட அவள் என்னைத்தான் கேட்டிருக்கிறாள்.