எழவு வீட்டுக்கு வரும் டீச்சர்

பேருந்து ஆற்றுப்பாலம் தாண்டியதும் எழில்மொழி டீச்சர் ஜன்னலோரம் தலையை நீட்டிவிடுவார். காவிரியைப் பார்க்க அல்ல. பாலத்து முக்கிலும் ரைஸ்மில் சுவரிலும் கட்டுகிற கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸைப் பார்க்க. புதுமுகம் ஏதாவது தென்பட்டால் பள்ளிக்கூடத்துக்கு முந்தின நிறுத்தத்திலேயே, என் வீட்டுக்கு எதிரே இறங்குவார். செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்பார்: "பெரியம்மா, கீழத்தெருவுல ஒருத்தர் தவறிட்டாராம். அவரு சொந்தத்துல நம்ம பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க யாரு யாரு?"

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் இந்தச் சுற்றுவட்டத்தில் யாருக்கு யார் கொண்டான் கொடுத்தான் என்பது அத்துப்படி. மூத்த தாரத்துப் பேரன் பத்தாவது, மைத்துனர் மகன் பன்னிரண்டாவது என்று நான் சொல்லச் சொல்ல விரலை மடக்கிக்கொள்வார். மத்தியானம் அனுமதி கேட்டுக்கொண்டு அந்த எழவு வீட்டுக்கு வந்துவிடுவார். கையில் மூடி போட்ட பிளாஸ்டிக் கேன். பச்சை மிளகாய் தட்டிப்போட்டு, பெருங்காயம் தூக்கலாகக் கரைத்த மோர் அதில் இருக்கும். துக்கம் விசாரித்துவிட்டு நாற்காலியில் உட்கார மாட்டார். விடலைப் பயல்கள் எங்கே கூடி நிற்கிறார்களோ அங்கே போய் நிற்பார். "சாப்ட்டியாடா?" என்பதுதான் முதல் கேள்வி. ஆளுக்கொரு டம்ளர் மோர். "வயித்துல ஒண்ணு இருந்தா நாக்கு இன்னொண்ண தேடாது" என்பார்.

ஊரில் அவருக்கு எழவு டீச்சர் என்று பெயர். காலையில் கையெழுத்துப் போடும்போதே "இன்னைக்கு எந்த ஊர்ல டீச்சர் சாவு?" என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேட்டுச் சிரிப்பார்களாம். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற பாத்திமா சொன்னாள். டீச்சருக்கு விலங்கியல் பாடம். போதை எதிர்ப்பு மன்றத்துக்குப் பொறுப்பாளர் வேண்டும் என்று வந்தபோது எல்லாரும் நழுவிக்கொண்டு, அன்றைக்கு லீவில் இருந்த இவர் தலையில் கட்டினார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி, உறுதிமொழி வாங்கிப் போட்டோ பிடித்தால் அந்த மன்றத்தின் வேலை முடிந்தது. பிள்ளைகள் கையை மடக்கும் முன்பே போட்டோக்காரன் கிளம்பிவிடுவான்.

ஆனால் இவர், குடிக்கிற பயல்களைச் சாயங்காலம் ஆய்வகத்தில் உட்காரவைத்து மேஜையில் வேர்க்கடலையைக் கொட்டினார். உரித்துக்கொண்டே பேசலாம், பேசாமலும் இருக்கலாம். புத்திமதி கிடையாது, பையைத் துழாவுவது கிடையாது. கை நடுங்குகிறவனைத் தானே பஸ் ஏற்றித் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். முதல் மடக்கு எங்கேடா குடித்தீர்கள் என்று ஒருநாள் கேட்டிருக்கிறார். சினிமாக் கொட்டகை, சிநேகிதன் வீடு என்று வரும் என நினைத்தாராம். அநேகமாக எல்லாப் பயலும் ஏதோ ஒரு எழவு வீட்டைச் சொன்னான்.

எனக்கு அது புதுச் சேதி இல்லை. வயிற்றெரிச்சலே அதுதான். பந்தல்கால் ஊன்ற, ஐஸ் பெட்டி தூக்க, நாற்காலி இறக்க எல்லாவற்றுக்கும் இந்தப் பதினைந்து வயதுப் பிள்ளைகள்தான். பிணம் எடுக்கிறவரை அடுப்பு எரியாது. வெறும் வயிற்றோடு அலைந்தவனைப் பெரிய மனுஷன் ஒருத்தன் பந்தலுக்குப் பின்னால் கூப்பிட்டு பிளாஸ்டிக் கப்பில் ஊற்றிக் கொடுப்பான். கூலியும் அதுதான், மரியாதையும் அதுதான். பிறகு அந்தப் பிள்ளை பாட்டிலோடு பிடிபட்டால், ஊற்றிக் கொடுத்தவனே முதல் ஆளாக வந்து நின்று இந்தக் காலத்துப் பசங்களே சரியில்லை என்பான். அந்த வாயில் மண்ணை அள்ளிப் போட வேண்டும்.

பரிதியும் அப்படிக் கெட்டவன்தான். என் அக்கா மகள் அம்சம் பெற்ற பிள்ளை, பதினொன்றாவது. கழிப்பறையில் கலர் பாட்டிலில் பிராந்தியைக் கலந்து வைத்துக்கொண்டு அகப்பட்டான். ஹெட்மாஸ்டர் டி.சி. கொடுத்தே தீருவேன் என்று நின்றார். பள்ளிக்கூடத்துப் பேர் கெட்டுவிடுமாம், பிள்ளை கெடுவதைப் பற்றிக் கவலை இல்லை. டீச்சர் அவரிடம் சொன்னதை அம்சம் என்னிடம் வந்து சொல்லிச் சொல்லி அழுதாள்.

"இங்கேருந்து அனுப்புனா நேரா கடைக்குத்தான் சார் போவான். அங்க டி.சி. கேக்க மாட்டாங்க."

டி.சி. நின்றது. பரிதி கடலை உரிக்கப் போனான். நடுவில் இரண்டு தடவை சறுக்கினான். இரண்டு தடவையும் மறுநாள் அவன் முன்னால் கடலை இருந்தது. தீபாவளிக்குப் பிறகு அவன் தொடவில்லை. பொங்கலுக்கு வந்தபோது முகத்தில் சதை பிடித்திருந்தது.

மாசியில், அறுப்பு முடிந்து வயலில் உளுந்து பச்சை கட்டியிருந்த நேரம், அவன் அப்பன் புகழேந்தி செத்துப்போனான். குடித்துக் குடித்து ஈரல் வெந்து செத்தான். பிளெக்ஸ் கட்டும் முன்பே டீச்சர் வந்துவிட்டார்.

பரிதி தலைமகன், கொள்ளிச்சட்டி அவன் கையில்தான். முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. டீச்சர் மோரை ஊற்றி நீட்டினார். அவன் தாய்மாமன் இராஜாங்கம், அவனும் என் அக்கா பெற்றதுதான், குறுக்கே கை நீட்டினான்.

"கொள்ளி வைக்கிற புள்ள ஒண்ணும் குடிக்கக் கூடாது டீச்சர். முறை தெரியாம பண்ணாதீங்க."

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம்தான் போயிருக்கும். தண்ணீர்க் குடம் எடுத்து வந்த ஈரத்தோடு நின்ற பிள்ளையை இராஜாங்கம் பந்தலுக்குப் பின்னால் கூப்பிட்டான். கையில் கப்.

"ரெண்டு மடக்கு போட்டுக்கடா மாப்ள. அப்பனுக்குக் கொள்ளி வைக்கணும்ல, தைரியம் வேணும்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மோர் குடித்தால் முறை கெடும், பிராந்தி குடித்தால் கெடாதாம். அப்பன் ஈரலைத் தின்ற சனியனை, அவன் பிணத்தை நடுவீட்டில் வைத்துக்கொண்டே பிள்ளை வாயில் ஊற்றுவதற்குப் பேர் தைரியமாம். புகழேந்தி தன் அப்பனுக்குக் கொள்ளி வைத்த அன்றைக்கும் இதே வாசலில் இதே வார்த்தையைச் சொல்லித்தான் ஊற்றினார்கள். ஊற்றியது அவன் மாமனார், இந்த இராஜாங்கத்தைப் பெற்ற மகராசன். அதுவரை புகழேந்தி வெற்றிலை கூடப் போட்டதில்லை.

டீச்சர் போய் நடுவில் நின்றார். "ஒண்ணும் குடிக்கக் கூடாதுன்னீங்களே அண்ணே. இது எந்த முறைல வருது?"

"இது மருந்து மாதிரி டீச்சர்" என்றான் இராஜாங்கம். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "விடு மாமா, பொம்பளைங்க வராத எடத்துக்குத்தான போறோம். அங்க வச்சுப் பாத்துக்கலாம்" என்றான் ஒருத்தன். இராஜாங்கம் கப்பின் மேல் இன்னொரு கப்பைக் கவிழ்த்து மூடிக் கையோடு எடுத்துக்கொண்டான். பரிதி யாரையும் பார்க்கவில்லை. நாக்கால் உதட்டைத் தடவினான். அதை டீச்சர் பார்த்தார்.

எங்கள் பக்கம் பெண்கள் தெருமுனை வரைக்கும்தான். அங்கே மாரடித்து அழுதுவிட்டுத் திரும்பிவிட வேண்டும். அப்புறம் வாய்க்கால் கரையோடு சுடுகாடு வரை ஆண்கள் மட்டும். பறை முன்னால் போக, பாடை தெருமுனையைத் தாண்டியது. அம்சம் தரையில் விழுந்தாள். அவளைத் தூக்கி நிறுத்திக்கொண்டு நாங்கள் திரும்பினோம். டீச்சர் திரும்பவில்லை என்று பார்த்து நான் தெருமுனையிலேயே நின்றுவிட்டேன். செருப்பை அங்கேயே கழற்றிவிட்டுக் கேனோடு நடந்தார்.

"டீச்சர், பொம்பளைங்க வரக் கூடாது" என்று பறைக்கு மேலே இராஜாங்கம் கத்தினான். நடை நின்றது. பறையும் நின்றது. டீச்சர் மாமனுக்கும் மருமகனுக்கும் நடுவில் நுழைந்தார். பரிதி சட்டியின் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். புகையில் கண் சிவந்திருந்தது.

"வாயத் தொறடா" என்றார்.

அவன் மாமன் கையிலிருந்த கப்பைப் பார்த்தான். கேனைப் பார்த்தான். பிறகு தலையை அண்ணாந்தான். டீச்சர் கேனைச் சாய்த்தார். மோர் மோவாயில் வழிந்து, மார்பில் இறங்கி, வேட்டியை நனைத்தது. போதும் என்று அவன் தலையசைத்ததும், மூடியைத் திருகிக்கொண்டே வாய்க்கால் கரையில் இறங்கி, அவனுக்கும் இராஜாங்கத்துக்கும் நடுவிலேயே நடந்தார்.