ஒன்றே கால் கிலோ

பார்சல் அக்கா கல்லூரியில் சேர்ந்தபோது வயது நாற்பத்தேழு. இறந்தபோது நாற்பத்தெட்டு. நடுவில் ஒரு முழு செமஸ்டரும் ஐந்து வாரமும்தான்.

அவருக்குச் சொந்தப் பெயர் இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. பார்சல் அலுவலகத்தின் இரண்டாம் கவுண்டரில் இருபத்திரண்டு வருடம் நின்றார். நாற்காலி போட்டிருந்தார்கள், அதில் அவருடைய கைப்பைதான் உட்கார்ந்திருக்கும். பெட்டியைக் கையில் வாங்கியதுமே எடையைச் சொல்லிவிட்டு, பிறகுதான் தராசில் வைப்பார். ஐம்பது கிராம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். உறவில் ஒருத்தி பிறந்த குழந்தையை அவர் கையில் கொடுத்தபோது, "மூணு கிலோ நூறு. எங்கே அனுப்பணும்?" என்று கேட்டார். பெற்றவள் ஒரு மாதம் பேசவில்லை.

கணவர் எப்போதோ வேறு குடும்பம் பார்த்துக்கொண்டார். அதைப் பற்றி வீட்டில் பேச்சில்லை. ஒரே மகள். தண்ணீர் பம்பு செய்யும் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவுப் பொறியாளர். பம்பை ஓடவிட்டு, அழுத்தத்தையும் சூட்டையும் அளந்து, கட்டம் போட்டு எழுதுவது அவள் வேலை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் இருந்தபடி இருக்கட்டும்: அந்தப் பிரிவின் சட்டம் அது. வீட்டிலும் அப்படித்தான். டீயில் சர்க்கரையைக் குறைக்கிற வாரத்தில் தூளைத் தொடமாட்டாள்.

மாலைக் கல்லூரியில் இடம் கிடைத்த கடிதம் வந்த பிறகுதான் அம்மா விண்ணப்பம் போட்டதே மகளுக்குத் தெரிந்தது.

"புவியியலா? அதை எதுக்கும்மா எடுத்தே?"

"இருபத்திரண்டு வருஷமா ஊர் ஊரா முத்திரை குத்துறேன். ஒரு ஊர் இன்னொரு ஊருக்கு எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியாது. கேட்டா பின்கோடு சொல்லுவேன்."

"வேலை முடிஞ்சு போய்ப் படிப்பியா? மூணு வருஷம்?"

"மூணு வருஷம் சும்மா இருந்தாலும் ஓடத்தானேடி போகுது?"

கடிதத்தோடு ஒரு தாளும் இருந்தது. வரைபடம் போடும் மென்பொருள் ஓடுகிற லேப்டாப் ஒன்று மாணவர் கையில் சொந்தமாக இருக்க வேண்டும். ரேம் எட்டு ஜிபியாவது வேண்டும், பதினாறு நல்லது. தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் இன்னும் நல்லது. முதல் நாள் வகுப்புக்கே கொண்டுவர வேண்டும்.

அம்மாவிடம் அறுபதாயிரம் இருந்தது. அலுவலகச் சேமிப்பு முதிர்ந்து வந்த பணம். மகள் தானும் கொஞ்சம் போடுவதாகச் சொன்னாள். அம்மா ஒரே பார்வையில் அந்தப் பேச்சை மூடினார்.

ஒரு நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் மாணவர் விலை போட்டிருந்தார்கள். ஞாயிறு மாலை ஆறு மணிவரை. ப்ராசஸர், ரேம், எஸ்எஸ்டி, திரை, பேட்டரி, வாரண்டி என்று ஒவ்வொன்றிலும் நாமே வகையைத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்றைத் தொட்டால் ஓரத்தில் விலை ஏறும், இறங்கும். கையில் ஒன்பது நாள். மகள் கட்டம் போட்ட தாளோடு உட்கார்ந்தாள். அம்மா உட்காரவில்லை. வந்து எட்டிப் பார்ப்பார், அடுப்படிக்குப் போவார், ஜன்னலைத் திறப்பார், மறுபடி வருவார்.

"அம்மா, ஒரு இடத்துல நில்லேன். எனக்குத் தலை சுத்துது."

"நீ அதுக்குள்ள விலையை ஏத்தி இறக்கி விளையாடிட்டிருக்கே. அதைப் பாத்துட்டு எப்படி ஒரு இடத்துல நிக்கறது?"

அலசி அலசி இரண்டு மாடல் மிஞ்சின. இரண்டும் அறுபதாயிரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றன. ஒன்றில் கிராபிக்ஸ் கார்டு, அகலத் திரை, ஐநூற்றுப் பன்னிரண்டு ஜிபி எஸ்எஸ்டி. இன்னொன்று சிறியது, மெலிந்தது. கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அதில் ரேமைப் போர்டோடு ஒட்டிவிடுகிறார்கள், பிறகு கூட்ட முடியாது. ஆகவே பதினாறை இப்போதே எடுத்தாக வேண்டும். எஸ்எஸ்டியை என்றைக்கு வேண்டுமானாலும் கழற்றிப் பெரிதாக மாற்றலாம். ஆகவே அதில் இருநூற்றைம்பத்தாறு போதும். பின்னால் மாற்ற முடியாததில் பணத்தைப் போடு, முடிவதில் மிச்சம் பிடி: மகள் கணக்கு சரியாகத்தான் இருந்தது. கணக்கு முடிந்தும் அவள் மனசு பெரிய மாடல் பக்கமே சாய்ந்தது. வரைபட மென்பொருள் கிராபிக்ஸ் கார்டைத் தின்னும் என்று அவளுக்குத் தெரியும்.

"எல்லாம் போட்டிருக்கே. எடை எங்கேடி போட்டிருக்கு?"

மகள் அதைப் பார்க்கவேயில்லை. பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. பெரியது இரண்டு கிலோ முந்நூறு. சிறியது ஒன்றே கால்.

"சார்ஜரோட சொல்லு. பேக்கிங் இல்லாத எடையை எடைன்னு எங்க ஆபீஸ்ல யாரும் சொல்லமாட்டாங்க."

சார்ஜரோடு பெரியது இரண்டு தொள்ளாயிரம். சிறியது ஒன்றரை.

பார்சல் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிய தடத்தில் உடையக்கூடிய சரக்கை எடுப்பதற்கு முன்னால், அதே எடையில் டம்மி பார்சல் ஒன்று கட்டி அனுப்புவார்கள். அது எப்படிப் போய்ச் சேருகிறது என்று பார்த்த பிறகுதான் நிஜச் சரக்கு. மறுநாள் அம்மா பழைய ரசீதுப் புத்தகங்களை அடுக்கி, டேப் சுற்றி, இரண்டு தொள்ளாயிரத்தில் ஒரு டம்மி கட்டிக்கொண்டு வந்தார். மேலே 'கவனம், கண்ணாடி' என்று ஒட்டியிருந்தார்.

"தடம் நான்தானே. என்னை வச்சே பாத்துடுவோம்."

அலுவலகத்திலிருந்து கல்லூரிக்கு இரண்டு பஸ். வகுப்பு மூன்றாம் மாடி. லிப்ட் ஆசிரியர்களுக்கு மட்டும். திரும்ப இரண்டு பஸ், வீடும் மூன்றாம் மாடி, லிப்டே கிடையாது. வகுப்பு தொடங்காத கல்லூரிக்கு டம்மி பார்சலைத் தோளில் மாட்டிக்கொண்டு அம்மா தினமும் போய் வந்தார். வாட்ச்மேன் முதல் நாள், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். "யாரையும் இல்லைங்க. படி ஏறிட்டு இறங்கிடுவேன்" என்றார் அம்மா. இரண்டாம் நாள் அவர் கேட்கவில்லை. ஒதுங்கி நின்றார்.

மகள் கட்டம் போட்டாள். எடை, படிகள், எங்கே நின்றார், வலி பத்துக்கு எவ்வளவு.

முதல் மூன்று நாள் பெரிய டம்மி. இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டார். இடது தோளில் வலி, முழங்கைவரை. ஆறு. கொஞ்சம் நின்றால் விட்டுவிடுகிறது.

அடுத்த மூன்று நாள் சிறிய டம்மி. மூன்றாம் மாடிவரை போக முடிந்தது. நான்கு.

"பாத்தியா? எடை பாதியாச்சு, வலியும் குறைஞ்சுது" என்று மகள் தாளைக் காட்டினாள். அவளுக்கு அந்தத் தாள் பிடித்திருந்தது.

அன்றைக்கு அம்மாவின் தம்பி வந்திருந்தார். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், வாய் சும்மா இருக்காது.

"என்னக்கா, காலேஜுக்குப் போறதுக்கு முன்னாடியே பிராக்டிகலா?"

"நீ எட்டாவதையே ரெண்டு தடவை பிராக்டிகலா படிச்சவன். பேசாதே."

"தோள் வலின்னா டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாமே."

"இருபத்திரண்டு வருஷம் பெட்டி தூக்கினவளுக்குத் தோள் வலிக்காம, பல்லா வலிக்கும்? போடா."

மகளும் சிரித்தாள்.

ஏழாம் நாள் கையில் ஒன்றுமில்லாமல் ஏறச் சொன்னாள். எந்தச் சோதனையிலும் சுமை இல்லாத அளவு ஒன்று வேண்டும். அம்மா வெறுங்கையோடு ஏறி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சும்மா ஏறினாலும் வலிக்குதுடி."

"எவ்வளவு?"

"மூணு போடு."

மகள் எழுதினாள். எழுதியதைப் பார்த்தாள். அந்த வரி மற்ற வரிகளோடு ஒட்டவில்லை. "ஆறு நாள் தூக்கினதோட மிச்சம்மா அது. நாளைக்குச் சரியாயிடும்" என்று அந்த வரியின் மேல் கோடு போட்டாள். தொழிற்சாலையிலும் சூடு ஆறாத பம்பில் எடுத்த அளவைச் சேர்ப்பதில்லை.

ஞாயிறு ஐந்தரைக்குச் சிறிய மாடலைத் தேர்ந்தெடுத்து, வாரண்டியை ஒரு வருடமாகக் குறைத்து, அறுபதாயிரத்துக்குள் அடக்கினாள். பொத்தானை அம்மாவே அமுக்கட்டும் என்று நகர்ந்தாள். அம்மா நடந்துகொண்டே இருந்தார்.

"அந்தக் கார்டு இல்லாம படம் வரும்தானே?"

"வரும். மெதுவா வரும்."

"மெதுவா வந்தா நான் அதுவரைக்கும் வேற வேலை பாத்துக்குவேன். என்னால தூக்க முடியாததை வாங்கி, பாதியில நின்னுட்டா? இந்த வயசுல காலேஜுக்குப் போய்ப் பாதியில நின்னான்னு பேர் வேணுமா?"

ஐந்து ஐம்பத்தெட்டுக்கு அமுக்கினார். அமுக்கிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

வகுப்பில் எல்லோரும் பிள்ளைகள் வயது. இரண்டாம் வாரத்திலேயே அங்கேயும் பார்சல் அக்கா ஆகிவிட்டார். லேப்டாப் சொன்னபடி மெதுவாகத்தான் படம் போட்டது. ஒரு படம் திரையில் நிரம்புவதற்குள் அம்மா பாத்திரம் கழுவி, துணி மடித்து, வந்து பார்த்து, "இன்னும் வழியிலதான் இருக்கு" என்பார். முதல் செமஸ்டருக்கு அவர் போட்டது இரண்டாம் கவுண்டரின் வரைபடம். ஒரு மாதத்தில் அந்தக் கவுண்டரிலிருந்து எந்தெந்த ஊருக்கு எவ்வளவு எடை போயிற்று என்று கோடுகள். கனமான ஊருக்குத் தடித்த கோடு. நூற்றுக்கு எண்பத்தொன்று. மதிப்பெண் வந்த அன்று வீட்டுக்குள் அறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். மகள் உட்காரச் சொல்லவில்லை.

தோள் வலி போகவில்லை. "பை கனமே இல்லை, அப்புறமும் ஏன்டி வலிக்குது?" என்று இரண்டு முறை கேட்டார். மகள் தடித்த வார் வைத்த வேறு பை வாங்கிக்கொடுத்தாள். வலது தோளில் மாட்டச் சொன்னாள். வலது தோளில் மாட்டியபோதும் இடது பக்கம்தான் வலித்தது. அதை அவர் சிரித்துக்கொண்டு சொன்னார். மகளும், "உனக்கு எல்லாமே தலைகீழ்" என்றாள்.

இரண்டாம் செமஸ்டர், ஆறாம் வாரம், செவ்வாய். காலை பதினொரு மணி. கிடங்கின் படியில் ஏறும்போது விழுந்தார். எட்டே படி. கையில் ஒன்றும் இல்லை. அதைக் கூட வேலை செய்தவர் மகளிடம் மூன்று முறை சொன்னார்: "ஒண்ணுமே தூக்கலம்மா. வெறுங்கை."

ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் கேட்டார். கேஸ் ஷீட்டில் எழுதுவதற்காகக் கேட்கிற கேள்வி.

"முன்னாடி ஏதாவது வலி சொன்னாங்களா? படி ஏறும்போது, தோள்ல, கையில?"

"சொன்னாங்க."

"எப்போலேருந்து?"

"எழுதி வச்சிருக்கேன்."

போனில் அந்தத் தாளின் படம் இருந்தது. டாக்டர் வாங்கி, விரலால் பெரிதாக்கி, மேலிருந்து கீழே படித்தார். நின்றால் விட்டுவிடுகிறது என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார். கோடு போட்ட வரியில் இன்னும் கொஞ்சம் நின்றார்.

"இது என்ன, எடை எடையா போட்டிருக்கு?"

"லேப்டாப் வாங்கறதுக்கு."

டாக்டர் படத்தைப் பழைய அளவுக்குச் சுருக்கினார். போனைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு கையாலும் கொடுத்தார்.

அதன் பிறகு மகளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. தொழிற்சாலையில் பம்பு ஓடிக்கொண்டிருக்க வெளியே போய் நிற்பாள். வீட்டில் அறைக்கும் வாசலுக்கும் நடப்பாள். படிகளை ஏன் மாற்றிப் பார்க்கவில்லை? எடையை மூன்று விதமாக மாற்றினாள். படி எல்லா வரியிலும் படியாகவே இருந்தது. அதே டம்மியோடு சமதரையில் ஒரு நாள் நடக்கவிட்டிருந்தால் போதும். மாமா, "உனக்கென்னம்மா தெரியும், டாக்டருக்கா படிச்சே?" என்று சொல்லிப் பார்த்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் எழுந்து போய்விட்டாள்.

ஒரு மாதம் கழித்துக் கல்லூரி அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். இரண்டாம் செமஸ்டர் கட்டணம் பாதி திரும்பக் கிடைக்கும், விலகல் படிவம் நிரப்ப வேண்டும். எழுத்தர் நல்ல மனுஷி. தண்ணீர் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் நான்கு கட்டங்கள்: வேலை, பணம், உடல்நலம், மற்றவை. மகள் உடல்நலத்தில் குறி போட்டாள். அடுத்த வரி, உடல்நலக் குறைவு தொடங்கிய தேதி.

எழுதினாள். எழுத்தர் எட்டிப் பார்த்தார்.

"தேதி தப்பா போட்டுட்டீங்க. இது கிளாஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வருது."

"ஆமா."

"அப்போ உடம்பு சரியில்லாம இருக்கும்போதே சேர்ந்த மாதிரி ஆயிடுங்க. பணம் வராது. சேரும்போது நல்லா இருக்கேன்னு கையெழுத்து போட்டிருப்பாங்க."

"போட்டாங்க. அவங்களுக்குத் தெரியாது."

"அதான் சொல்றேன். அந்தச் செவ்வாய்க்கிழமை தேதியைப் போடுங்க, யார் கேக்கப் போறா? ஒரு கோடு இழுத்துட்டு மேலே எழுதுங்க, நான் வாங்கிக்கறேன்."

பேனா அவள் கையில்தான் இருந்தது. எழுத்தர் காத்திருந்தார். வெளியே மாலை வகுப்புக்குப் பிள்ளைகள் தடதடவென்று படியேறும் சத்தம் கேட்டது.

"இல்லைங்க. அன்னைக்குத்தான் முதல் தடவை வலிச்சது" என்றாள். கையெழுத்துப் போட்டாள். படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.