தோஹாவிலிருந்து ஐந்து மணி நேரம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கங்காணி வேலை. பனிக்குள் என்னென்னவோ தெரியும், கிட்டப் போனால் மரக்கட்டையாக இருக்கும். அப்படிப்பட்ட என்னையே, காலையில் பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு ஒன்று ஆட்டி வைத்துவிட்டது. நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி, சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி செல்வி தோஹாவுக்கு வீட்டு வேலைக்குப் போய் மூன்று வருடமாகியிருந்தது. இரண்டு தடவை ஊருக்கு வருவதாகச் சொல்லி, இரண்டு தடவையும் அந்த வீட்டார் விடவில்லை. மூன்றாவது தடவை டிக்கெட் கைக்கு வந்துவிட்டது. அங்கிருந்து கொழும்புக்கு மூவாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் இருக்கும், விமானத்தில் ஐந்து மணி நேரத்துக்குள் வந்துவிடலாம் என்று போனில் பார்த்து வைத்திருந்தேன். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்கு வேனில் வர அதைவிடக் கூடுதல் நேரமாகும், அது வேறு கதை. நம் நேரம் காலை ஐந்துக்கு விமானம். "ஏறினதும் மெசேஜ் போடுறேங்க" என்றிருந்தாள். ஐந்தரைக்கும் மெசேஜ் இல்லை, ஆறுக்கும் இல்லை. இந்தத் தடவையும் விடவில்லையோ என்று போனையே எடுத்து எடுத்துப் பார்த்தேன். அம்மாவைப் போனில் மட்டுமே தெரிந்த ஐந்து வயது மகள், அதற்குள் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

ஆறரைக்குப் பெரட்டு. கொழுந்து பறிக்கும் பெண்கள் வரிசையாக நிற்க, நான் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்க வேண்டும். எல்லோரும் "இருக்கேன்" என்பார்கள். செல்வி மட்டும், இங்கே கொழுந்து பறித்த அந்த நாட்களில், குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு ஓடி வருவதால், பாதையிலிருந்தே "வந்துட்டேன்" என்று குரல் கொடுப்பாள். அன்றைக்கு யோசனை எங்கேயோ இருந்ததில், "லெட்சுமி" என்று கூப்பிட்டதும் பழைய பழக்கத்தில் "செல்வி" என்று வாய் தவறி வந்துவிட்டது.

"வந்துட்டேன்."

பிள்ளைக் காம்பராப் பாதையிலிருந்து, அதே மூச்சிரைப்போடு. எனக்கு மட்டும் கேட்டிருந்தால் பிரமை என்று விட்டிருப்பேன், நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓடிப் போய்ப் பார்த்தேன், பாதையில் ஒரு ஆள் இல்லை. லெட்சுமி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, எதுக்கும் ஒருக்கா போன் போட்டுப் பாருங்க" என்றார்.

செல்விக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவர் நினைப்பது புரிந்தது. ஆனால் எனக்குப் பயமே வரவில்லை, சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "இல்லக்கா, அவ ஏறிட்டா" என்றேன்.

பத்து மணிக்குக் கட்டுநாயக்காவிலிருந்து யாருடைய போனிலோ செல்வியே பேசினாள். ஏறும்போது போனில் சார்ஜ் இல்லையாம், ஒன்பதே முக்காலுக்குத்தான் இறங்கினார்களாம்.

சாயங்காலம் லயத்துக்கு வந்து, மகளை மடியில் வைத்துக்கொண்டு அவளாகவே ஆரம்பித்தாள். நான் பெரட்டு விஷயத்தை இன்னும் வாயே திறக்கவில்லை.

"பிளைட்ல தூங்கிட்டேங்க. நீங்க பேர் கூப்புட்ட மாதிரி இருந்துச்சு, வந்துட்டேன்னு சத்தமாவே கத்திட்டேன். பக்கத்து சீட்டு அக்கா முழிச்சுப் பார்க்குது. முன்னால டிவியில கொழும்புக்கு இன்னும் மூணேகால் மணி நேரம்னு போட்டிருந்துச்சு."

அவர்கள் இறங்கிய ஒன்பதே முக்காலிலிருந்து பின்னோக்கி விரல் விட்டு எண்ணினேன். சரியாக ஆறரை. அவள் கையைப் பிடித்தேன். மூன்று வருடம் தேயிலைச் செடியைத் தொடாத அந்த விரல் நுனிகளில் கொழுந்துக் கறை, அன்றைக்குப் பட்டது போலப் புதுசாக இருந்தது. அவளும் அப்போதுதான் பார்த்தாள். "இது எப்படிங்க?" என்று என்னைக் கேட்கிறாள்.

செல்வி இப்போது மறுபடியும் என் பெரட்டில்தான் நிற்கிறாள். அவள் பெயரை மட்டும் நான் கூப்பிடுவதில்லை, முகத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறேன். கூப்பிட்டால் ஒரு குரல்தான் வரும் என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை.