ஒரே கஸ்டமருக்கு ஒரு சவரக் கத்தி

என் தங்கை தேவயானிக்குச் சவரக் கத்தி வாங்கிக் கொடுத்த விஷயத்தில் என் பேரில் பெரிய தப்பு எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடியிருக்கிற பிளாக் முழுக்க அவள் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்கு முப்பத்தொன்பது வயது. டவுன்ஷிப் பூங்காவில் கான்ட்ராக்ட் வேலை. வேலிச் செடி வெட்டுகிற பெரிய கத்தரியைப் பதினோரு வருடமாகப் பிடித்த கை. அவள் புருஷன் வைத்திலிங்கம் சுரங்கத்தில் பர்மனென்ட். தை மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் வலது கன்னமும் விழுந்துவிட்டன. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். வாரம் மூன்று நாள் கைப்பயிற்சிக்கு வரவேண்டும், முதல் மூன்று மாதத்தை விட்டால் கை திரும்புவது கஷ்டம். தினமும் வலது கன்னத்தைத் தொட்டு உணர்ச்சி வருகிறதா என்று பார்க்கவேண்டும்.

தேவயானி தினமும் காலையில் கன்னத்தைத் தொடுவாள். “தெரியுதாங்க?”

“தெரியல.”

அதோடு அந்த வேலை முடிந்தது. பயிற்சிக்கோ மாப்பிள்ளை போகவே இல்லை. காரணம் தாடி.

சிரிக்காதீர்கள். இருபது வருடமாக அந்த மனிதரைத் தாடியோடு யாரும் பார்த்ததில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள், ஷிப்டுக்கு முன்னால், மார்க்கெட்டில் கலியமூர்த்தியின் சலூனில் இரண்டாவது நாற்காலி. இப்போது ஆறு வாரத் தாடி, பாதி நரை. டீ குடித்தால் வலது பக்கம் அதில்தான் வழிகிறது.

“இந்த மூஞ்சிய வெச்சிக்கினு வெளிய வர மாட்டேன்” என்றார்.

கலியமூர்த்தியை வீட்டுக்கே கூப்பிடலாமே என்றேன்.

“அவன் கடையில ஊரே உக்காந்துகினு இருக்கும், மச்சான். எனக்கு வாய் கோணிக்கினத சொல்லாம இருப்பானா?”

வீட்டிலிருந்த சாதாரண ரேசரைத் தேவயானி போட்டுப் பார்த்தாள். தொங்கின கன்னத்தில் அது மயிரைப் பிடித்து இழுத்தது. இரண்டு இழுப்பிலேயே அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். செய்தால் கத்தியால் செய்யவேண்டும் என்றார்.

“அப்ப நானே செய்யறேன்.”

“நான் இன்னா வேலிச் செடியா?”

இந்த இடத்தில்தான் நான் உள்ளே வருகிறேன். போனில் தேடினேன். முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய், மரக் கைப்பிடி, தகட்டில் சிங்கம், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு உகந்தது என்று வேறு போட்டிருந்தான். வெல்வெட் பெட்டியில் வந்தது. அப்படி ஒரு அழகு! தக்காளிமேல் வைத்து இழுத்தேன். தோல் லேசாகக் கீறியது, அவ்வளவுதான். பெட்டிக்குள் இருந்த சீட்டை அப்புறம்தான் படித்தேன். அந்த மாதிரிக் கத்தி மொட்டையாகத்தான் வருமாம். கல்லில் சாணை பிடித்து, தோல்வாரில் தீட்டிய பிறகுதான் முகத்தில் வைக்கவேண்டுமாம்.

நான் கன்வேயர் பெல்ட் செக்‌ஷனில் இருபத்துநாலு வருடம். எங்கள் ஆட்களுக்கு எந்தப் பிரச்சினைக்கும் மருந்து ஒரு பெல்ட் துண்டுதான். கதவு அடித்துக்கொண்டால் பெல்ட் துண்டு, கட்டில் ஆடினால் பெல்ட் துண்டு. வாசலில் மிதியடியாகக் கிடந்ததை எடுத்துக் கழுவி, ஜன்னல் கட்டையில் ஆணி அடித்து மாட்டி, கத்தியை எண்ணி இருநூறு தடவை தீட்டினேன். அதன் பிறகு தக்காளித் தோல்கூடக் கீறவில்லை.

“அண்ணே, தோல்ல தீட்டணும்னுதான போட்டிருக்கு? இது ரப்பரு.”

“ரெண்டும் வழவழன்னுதான இருக்கு?”

“ஒங்க மண்டையும்தான் வழவழன்னு இருக்கு” என்றாள்.

மறுநாள் என்னை இழுத்துக்கொண்டு வடலூருக்கு பஸ் ஏறினாள். அங்கே சலூன் சாமான் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. கல்லாவில் செந்தாமரை என்று ஒரு அம்மா.

“சலூன் எங்க வெச்சிருக்கீங்க?” என்று கேட்டார்.

“வூட்லங்க” என்றாள் தேவயானி.

“எத்தினி சேரு?”

“ஒரு கட்டில்.”

“கஸ்டமரு?”

“ஒருத்தர்தான்.”

அந்த அம்மா சிரிக்கவில்லை. மூன்று கத்தியை மேஜைமேல் வைத்தார். முதலாவது என்னுடையதைப் போலத் தீட்டுகிற கத்தி. “இத தீட்டக் கத்துக்கவே ஆறு மாசம் ஆவும்.”

“டாக்டர் சொன்ன மூணு மாசத்துல எனக்கு இன்னும் அஞ்சு வாரந்தாங்க இருக்கு.”

மற்ற இரண்டும் பிளேடைப் பாதியாக உடைத்துச் செருகுகிறவை. ஒன்று பிளாஸ்டிக், அறுபது ரூபாய். மற்றது முழு எஃகு, நூற்றெண்பது. தேவயானி இரண்டையும் மாறி மாறித் திறந்து மூடினாள். பிளாஸ்டிக் கையில் இருப்பதே தெரியவில்லை என்றாள்.

“அதான் அழுத்தத் தோணும், அறுத்துடும். கனமா இருந்தா அதும் பாட்டுக்குப் போவும், நீங்க அழுத்தவே வேணாம். பிளேடு மொனை வெளிய தெரியாததா எடுங்க. புதுக் கையில மொனைதான் மொதல்ல கிழிக்கும்.”

முனை மூடிய எஃகுக் கத்தி, ஒரு பெட்டி பிளேடு. வெட்டுப் பட்டால் ரத்தம் நிற்க வைக்கிற படிகாரக் கட்டி ஒன்றைச் செந்தாமரையம்மா சும்மா கொடுத்தார்.

பலூனில் சோப்பு நுரை தடவிப் பழகினாள். ஆறு பலூன் வெடித்தது. ஏழாவது பிழைத்ததும் என்னைப் பார்த்தாள். “உக்காருங்க அண்ணே.”

முதல் நாள் மூன்று வெட்டு, இரண்டாம் நாள் இரண்டு. மூன்றாம் நாள் ஒன்றுமில்லை. ஷிப்டில் கேட்டார்கள், பூனை என்றேன். அந்த ஐந்து வெட்டுக்கும் ஐயோ என்று சொல்ல ஒரு நாதி இல்லை.

திங்கட்கிழமை காலை மாப்பிள்ளையைத் தலையணை வைத்து உட்காரவைத்தாள். கத்தரியால் தாடியைக் குறைத்து, வெந்நீர்த் துண்டு போட்டு, நுரை தடவினாள். இடது பக்கம் சுத்தமாக முடிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வலது பக்கம் தோலைக் கட்டைவிரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு இறக்கினாள். தாடைக்கு வந்தபோது கத்தி கொஞ்சம் வழுக்கியது. சிவப்பாக ஒரு கோடு.

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவருக்குத்தான் அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாதே. சத்தமில்லாமல் படிகாரத்தை நனைத்து வைத்தாள்.

“ஸ்ஸ்… எரியுதுடி!”

தேவயானியின் கை அப்படியே நின்றது. “எங்கங்க?”

“கத்திய வெச்சிக்கினு எங்கன்னு கேக்கறியே!”

“எங்கன்னு காட்டுங்க!”

அவர் கண்ணைத் திறந்தார். இடது கையைத் தூக்கி, வலது தாடையில், சரியாக அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தார். வைத்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

தேவயானி கத்தியை மடக்கிவைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். “எரியுதாம் அண்ணே, எரியுதாம்!” எழுந்து வந்து மறுபடியும் படிகாரத்தை வைத்தாள். “இப்ப?”

“எரியுதுன்றேன் இல்ல!” என்று கத்தினார். அவருக்கும் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான், அதை அவள் பிளாக்கில் சொல்வதில்லை.

மீதியையும் முடித்து முகம் துடைத்துவிட்டாள். சட்டையை எடுக்கச் சொன்னார். பயிற்சிக்குப் போக ஆட்டோ கூப்பிட்டேன். ஏறி உட்கார்ந்ததும், மார்க்கெட் வழியாகப் போகச் சொன்னார்.

சலூன் வாசலில் ஆட்டோவை நிறுத்தவைத்தார். உள்ளே கூட்டம். கலியமூர்த்தி சீப்போடு வெளியே வந்தான். மாப்பிள்ளை, கோணின வலது பக்கத்தை அவன் பக்கம் நன்றாகத் திருப்பிக் காட்டினார்.

“பாரு, அறுத்துட்டா” என்றார். “எரியுது.”