காற்சட்டைப் பையில் பைப்பின் கைப்பிடி

பள்ளியில் எங்களுக்குக் கூடைப்பந்து பழக்கிய சேர் ஓய்வு பெறுகிறார். வாழ்த்துமடல் நான் எழுத வேண்டுமாம். பழைய மாணவர் சங்கச் செயலாளர் தொலைபேசியில் தேன் வடித்தார். "நீதானே மனே எங்கட கவிஞர். கண்ணாடிச் சட்டம் போட்டுக் குடுப்பம். பொன்னாடையையும் நீயே பார்த்து வாங்கிட்டு வா."

ஓம் என்றேன். அந்த ஓம் இன்னும் என் வாயில் புளித்துக் கிடக்கிறது.

சேர் வென்றவர். அதில் பொய்யில்லை. அவர் வருமுன் எங்கள் அணி கொழும்புக்குப் போய் உதை வாங்கித் திரும்பும். வந்தபின் ஷீல்ட் அடுக்கப் பள்ளி அதிபரின் அலுமாரி போதவில்லை. அவருடைய பெடியன்கள் தேசிய அணிக்குப் போனார்கள். விளையாட்டைக் காட்டி வங்கியில், பொலிசில் வேலை எடுத்தார்கள். முப்பது வருடம். அவரைக் கண்டால் ஊர் சைக்கிளை விட்டு இறங்கும்.

எனக்கு அவர் ஒரு சத்தம். கிலுங், கிலுங். பின்னேரம் மூன்று மணிக்குச் சீமெந்துத் தரை கொதிக்கும், வாவிக் காற்றில் அழுகின பாசி மணக்கும். சேர் வந்ததும் முதல் வேலையாக மைதானத்துத் தண்ணீர்ப் பைப்பின் கைப்பிடியைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் போடுவார். சாவிக்கொத்தோடு சேர்ந்து அது கிலுங்கும். "தண்ணி குடிச்சா வயிறு கனக்கும். கால் எழும்பாது." நம்பினோம். மயங்கி விழுந்தவனை வாகை நிழலுக்கு இழுத்துப் போட்டுவிட்டு ஆடினோம். வென்றோமே, பிறகென்ன?

காத்தான்குடியிலிருந்து வந்த ஒருவன் என் கூட்டாளி. எவ்வளவு தூரத்திலிருந்து எறிந்தாலும் வளையத்தைத் தொடாமல் பந்து உள்ளே இறங்கும். நோன்பு மாதத்திலும் பயிற்சிக்கு வருவான். "சேர் உங்க எல்லாருக்கும் நோன்பு வெச்சிட்டாரு மச்சான். கஞ்சிதான் இன்னும் தரல்ல" என்று சிரிப்பான்.

எங்கள் கடைசி வருடம் இறுதிப் போட்டி நோன்பு மாதத்தில் வந்தது. நான் அணித்தலைவன். இடைவேளையில் எட்டுப் புள்ளி பின்னால் நின்றோம். கூட்டாளியின் உதடு வெடித்திருந்தது. சேர் ஒரு தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அவன் வாய்க்கு நேரே நீட்டினார்.

"குடி. குடிச்சாத்தான் ஓடுவாய்."

அப்படியென்றால் தெரிந்திருக்கிறது. அத்தனை வருடமும், பையில் கைப்பிடி கிலுங்கத் திரிந்த மனிதருக்கு, தண்ணீர்தான் காலை எழுப்பும் என்று தெரிந்திருக்கிறது. எங்களை வாட்டிப் பழக்கியது வெறும் அதிகாரம். அருவருப்பு அங்கேதான் தொடங்கியது. அங்கேயே நின்றிருந்தால் நல்லது.

"ஏலா சேர். நோன்பு திறக்க இன்னும் ரெண்டு மணித்தியாலந்தானே" என்றான் அவன்.

"அப்ப வெளியில குந்து." சேர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுடா இவனுக்கு."

சொன்னேன். அவன் தோளில் கை போட்டு, குரலைக் குழைத்துச் சொன்னேன். "குடி மச்சான். ஆருக்குத் தெரியப் போகுது?"

என்னைப் பார்த்தபடியே குடித்தான். இரண்டு புள்ளியால் வென்றோம். லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஷீல்டோடு எங்களை ஏற்றி, பட்டாசு கொளுத்தி ஊர் சுற்றினார்கள். அவன் ஏறவில்லை. அதன்பின் பந்தையும் தொடவில்லை.

இப்போது அவனுக்குக் காத்தான்குடியில் புடவைக்கடை. பொன்னாடை வாங்க அங்கேதான் போனேன். வேறு கடை இல்லாமலா? என்னவோ, கால் அங்கே போனது.

"ஆருக்கு?"

"சேருக்கு. மடலும் நான்தான் எழுதுறன்."

பொன்னாடைகளை ஒவ்வொன்றாக விரித்தான். "இது சரிகை கூட. சேருக்கு எடுப்பா இருக்கும்." பிறகு மடித்துக்கொண்டே சொன்னான்: "வடிவா எழுது மச்சான். அண்டைக்கும் நீ வடிவாத்தான் சொன்ன. அந்தாள் நீட்டினதுக்கு நான் குடிக்கல்ல."

வெளியே வந்து தெருவிலேயே செயலாளருக்கு அழைத்தேன். பொன்னாடை அனுப்புகிறேன், மடல் எழுதமாட்டேன் என்றேன்.

"அதுக்கென்ன மனே, போன அதிபருக்குப் போட்ட மடல் கிடக்கு. பேரை மாத்தினாச் சரி."

மாற்றினார்கள். மண்டபத்தின் பின்சுவரோரம் நின்று கேட்டேன். சேர் ஒருநாளும் செய்யாத கணித பாடச் சேவைக்கும் சேர்த்துக் கை தட்டினார்கள். பிறகு சேர் எழுந்து, ஒழுக்கம் பற்றி, தாகத்தை அடக்கிய தன் பிள்ளைகள் பற்றிப் பேசினார். தோளில் என் கூட்டாளி மடித்துத் தந்த சரிகை மின்னியது. பேச்சுக்கு நடுவே மேசையிலிருந்த போத்தலை எடுத்து மடக்கு மடக்காகக் குடித்தார்.

கதிரையொன்று காலியாகத்தான் கிடந்தது. என்னால் உட்கார முடியவில்லை.